பிக்கப் வண்டிக்கு எலெக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன்: மலையில் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். கடைக்கு வருவதில் பெரும்பாலானவை கேரட், முட்டைக்கோஸ், தேயிலைக் கொழுந்து, உரம் ஏற்றுகிற பிக்கப் வண்டிகள். பானட்டைத் திறந்தாலே யாராவது ஒருவர், “இந்த ஃபேனைக் கழட்டிட்டு கார்ல இருக்கிற மாதிரி கரண்ட் ஃபேன் போட்டுடலாமாண்ணா?” என்று ஆரம்பித்துவிடுகிறார். அதற்கடுத்து வரும் சந்தேகங்களும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் வரும். அவற்றைக் கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் பெல்ட்டில் ஓடும் ஃபேன் உள்ள, 12 வோல்ட் பழைய டீசல் பிக்கப்களுக்கானவை.

இப்ப என் வண்டியில இருக்கிற ஃபேன் எப்படி ஓடுதுங்க?

இன்ஜின் சுற்றும்போது பெல்ட் வாட்டர் பம்ப்பைச் சுற்றுகிறது. பம்ப்பின் மூக்கிலேயே ஃபேன் மாட்டியிருக்கும். சில வண்டிகளில் ஃபேன் நேராக போல்ட் போட்டு இருக்கும். இன்ஜின் ஓடும் வரை அதுவும் முழு வேகத்தில் சுற்றும். மற்றவற்றில் நடுவில் ஒரு விஸ்கஸ் கப்ளிங் இருக்கும். அதற்குள் சிலிகான் எண்ணெய், முகப்பில் சூட்டுக்கு வளைகிற ஒரு சின்ன ஸ்பிரிங். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் ஸ்பிரிங் வளைந்து எண்ணெய்க்கு வழிவிடும், ஃபேன் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றும். காற்று ஆறினால் பிடி தளரும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘உஸ்ஸ்’ என்று ஒரு பெரிய சத்தம் கேட்டு, கொஞ்ச நேரத்தில் அடங்குமே, அது விஸ்கஸ் ஃபேனின் இயல்பு. இரவு முழுக்க நின்றதில் எண்ணெய் கப்ளிங்குக்குள் இடம் மாறியிருக்கும். அது கோளாறு இல்லை.

கரண்ட் ஃபேன்னா அதுல என்ன வித்தியாசம்?

இன்ஜின் வேகத்துக்கும் ஃபேனுக்கும் உறவு அறுந்துபோகிறது. இதுதான் முழு விஷயமும். கீழே வருகிற எல்லாப் பதில்களும் இதிலிருந்தே கிளைக்கின்றன. பெல்ட் ஃபேன் ஐடிலில் சோம்பலாகவும் 2,500 ஆர்.பி.எம்.மில் புயலாகவும் ஓடும். கரண்ட் ஃபேனுக்கு ஐடிலும் ஒன்றுதான், 2,500-ம் ஒன்றுதான். ஓடினால் ஒரே வேகம், தேவையில்லையென்றால் நின்றுவிடும்.

ஃபேனைக் கழட்டிட்டா தண்ணி சுத்தறது நின்னுடாதா?

நிற்காது. வாட்டர் பம்ப் பெல்ட்டிலேயே இருக்கும், அதைத் தொடப்போவதில்லை. எடுப்பது ஃபேனையும் கப்ளிங்கையும் மட்டும்தான்.

ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பல இன்ஜின்களில் ஃபேனைப் பிடிக்கிற அதே போல்ட்கள்தான் பம்ப் புல்லியையும் பிடிக்கின்றன. ஃபேனை எடுத்ததும் அதன் தடிமன் அளவு குறைந்துபோவதால் பழைய போல்ட் நீளமாகிவிடும். ஓட்டையின் அடியில் போய் முட்டிக்கொண்டு, கைக்கு இறுகின மாதிரி இருக்கும், ஆனால் புல்லி பிடிபட்டிருக்காது. அதே பிட்ச், அதே தரத்தில் நீளம் குறைவான போல்ட் வாங்குங்கள், அல்லது ஃபேன் இருந்த தடிமனுக்கு லேத்தில் ஒரு ஸ்பேசர் கடைந்து போடுங்கள். பெரிய நட்டில் திருகி மாட்டிய கப்ளிங் என்றால், கழற்றும்முன் மரை எந்தப் பக்கம் என்று பாருங்கள். சிலவற்றில் இடது மரை இருக்கும்; தெரியாமல் தட்டினால் பம்ப் பேரிங்தான் அடி வாங்கும்.

ஏத்தத்துல வண்டி ஹீட் ஆகுது. கரண்ட் ஃபேன் போட்டா சரியாயிடுமா?

பெரும்பாலும் ஆகாது. இந்தக் காரணத்துக்காக வருகிறவர்களை நான் முதலில் ரேடியேட்டர் கடைக்குத்தான் அனுப்புகிறேன். கம்பெனி போட்ட ஃபேன் முழு லோடு ஏற்றத்தைக் கணக்கிட்டுப் போட்டது. முன்பு ஹீட் ஆகாத வண்டி இப்போது ஆகிறதென்றால், நடுவில் ஏதோ கெட்டிருக்கிறது. ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்திருக்கும், பின்களில் (குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகள்) சேறும் பூச்சியும் அடைத்திருக்கும், சூடானதும் தண்ணீருக்கு வழி திறக்கிற தெர்மோஸ்டாட் பாதியில் நிற்கும், பெல்ட் தளர்ந்திருக்கும், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் செத்திருக்கும், இல்லையென்றால் விஸ்கஸ் போயிருக்கும். ஹெட் கேஸ்கட்டும் ஆகலாம். இவற்றில் எதையும் புது ஃபேன் சரி செய்யாது. சிலவற்றைக் கொஞ்ச நாளைக்கு மறைத்துவைக்கும், அது இன்னும் மோசம்.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். செகண்ட் கியர், 20 கிலோமீட்டர் வேகம், இன்ஜின் முழு உழைப்பில். வண்டி வேகத்தால் முன்பக்கம் வருகிற காற்று சொற்பம். அந்த நேரத்தில் பெல்ட் ஃபேன் தன் உச்சத்தில் ஓடுகிறது. அதை எடுத்துவிட்டுச் சாதாரணக் கார் ஃபேன் ஒன்றை வைத்தால், மலையில் எந்த இடத்தில் காற்று அதிகம் தேவையோ அந்த இடத்தில் குறைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

விஸ்கஸ் போயிருச்சான்னு நானே எப்படிப் பார்க்கிறது?

வண்டி நன்றாகச் சூடானதும் இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். சூட்டில் அது பிடித்துப் பிடித்துத்தான் சுற்ற வேண்டும். தட்டிவிட்டதும் தடையில்லாமல் பல சுற்று ஓடினால் கப்ளிங் செத்துவிட்டது. நடுப்பகுதியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் கோடு போட்டிருந்தால் சிலிகான் கசிந்திருக்கிறது. பிளேடை முன்னும் பின்னும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கப்ளிங் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் அதையே மாற்றுங்கள். நல்ல ஃபேன், ரிலே (சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), வயர், கூண்டு, கூலி என்று ஒழுங்காகச் செய்யும் மாற்றத்தை விட அது பெரும்பாலும் மலிவு.

அப்ப மலை வண்டிக்கு இதனால லாபமே இல்லீங்களா?

இருக்கிறது. ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில். நம் பகுதி வண்டிகளின் ஓட்டத்தைப் பாருங்கள். காய்கறி லோடு மேலிருந்து மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்கு இறங்குகிறது. உரமோ சிமெண்டோ ஏற்றாத நாளில் வண்டி காலியாகத்தான் ஏறுகிறது. இறங்கும்போது கியரில் விட்டு இன்ஜின் பிரேக்கில் வருகிறோம், ஆர்.பி.எம். ஏறியிருக்கும், எரிகிற டீசலோ மிகக் குறைவு. நேராக மாட்டிய ஃபேன் அப்போதும் வீசிக்கொண்டே இருந்து இன்ஜினைக் குளிர வைக்கும். கரண்ட் ஃபேன் பேசாமல் நிற்கும்.

இரண்டாவது, பனிக்காலம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் விடியற்காலையில் லோடு ஏற்றக் கிளம்புகிறவர்களுக்குத் தெரியும், நேர் ஃபேன் வண்டி சூடு பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று. சூடாகாத டீசல் இன்ஜின் புகையும், டீசல் குடிக்கும், ஹீட்டரிலும் சூடு வராது. மூன்றாவது, ஏப்ரல் மே சீசன் நெரிசல். குன்னூர் ரோட்டில் வண்டிகள் ஊர்கிறபோது இன்ஜின் ஐடிலில் நிற்கிறது, பெல்ட் ஃபேன் போதுமான காற்று தராது. கரண்ட் ஃபேன் அங்கே முழு வேகத்தில் ஓடும்.

விஸ்கஸ் நல்ல நிலையில் இருக்கிற வண்டிக்கு முதல் இரண்டு லாபமும் பாதிக்கு மேல் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. நேர் ஃபேன் வண்டிக்குத்தான் மாற்றம் நன்றாகத் தெரியும்.

டீசல் எவ்வளவு மிச்சமாகும்?

லிட்டர் கணக்கில் எதிர்பார்த்து வராதீர்கள். ஃபேன் இழுக்கும் சக்தி அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. அதனால் நேர் ஃபேன் அதிக ஆர்.பி.எம்.மில் சில குதிரைத்திறனை விழுங்கும் என்பது உண்மை. ஆனால் பிடி விட்ட விஸ்கஸ் ஃபேன் அதில் சிறு பங்குதான் எடுக்கும்.

கரண்ட் ஃபேனும் ஓசியில் ஓடவில்லை. 20 ஆம்பியர் இழுக்கும் ஃபேன் 14 வோல்ட்டில் 280 வாட். டைனமோ தான் வாங்கும் சக்தியில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் கரண்டாக்கித் தரும். மீதி சூடாகப் போய்விடும். ஆக இன்ஜினிடமிருந்து போவது சுமார் 500 வாட், முக்கால் குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் என்பது அது ஓடாமல் நிற்கிற நேரத்தில்தான் வருகிறது. வீட்டுக்கு நல்லது, பணக்காரர் ஆக முடியாது.

எந்த சைஸ் ஃபேன் போடறது? ஒண்ணா, ரெண்டா?

ரேடியேட்டர் அனுமதிக்கிற அதிகபட்ச அளவு. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் காற்று அளவை நம்பாதீர்கள். அது முன்னால் எதுவும் இல்லாமல் திறந்த வெளியில் அளந்தது. அடர்த்தியான ரேடியேட்டர் வழியாக இழுக்கும்போது வெகுவாகக் குறையும். நான் பார்ப்பது ஆம்பியர். காற்றைத் தள்ளச் சக்தி வேண்டும், சக்தி ஆம்பியரில் தெரியும். 8 ஆம்பியர் இழுக்கிற ஃபேன் மலையையே அசைக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2.5 லிட்டர் அளவிலான டீசல் பிக்கப், லோடுடன் மலை ஏறுவது என்றால், மொத்தம் 400 வாட் அளவுக்குக் குறையாமல் பார்ப்பது என் வழக்கம், அதாவது 30 ஆம்பியர் பக்கம். அதை ஒரே பெரிய ஃபேனாக வைப்பதை விட இரண்டாகப் பிரிப்பது எனக்குப் பிடிக்கும். ஒன்று முதலில் ஓடும், போதாவிட்டால் சில டிகிரி தாண்டி இரண்டாவது சேரும். ஒன்று கெட்டாலும் மற்றொன்றில் மெதுவாக ஊர் வந்து சேரலாம். சமவெளியில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு இவ்வளவு தேவைப்படாது. கோயம்புத்தூரில் ஓட்டுகிற நண்பர் சின்ன ஃபேனில் நன்றாக ஓடுகிறது என்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை, அவர் ஏறுகிற மலை பாலங்கள் மட்டும்தான்.

ரேடியேட்டருக்கு முன்னாடி வைக்கலாமா, பின்னாடியா?

பின்னால், காற்றை இழுக்கிற மாதிரி. முன்னால் வைத்தால் அதன் மோட்டாரும் சட்டமுமே காற்றை மறைக்கும். இடமே இல்லாத வண்டிக்கு மட்டும் முன்னால். எங்கே வைத்தாலும் ஒரு காகிதத்தைப் பிடித்துக் காற்று எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். வயர் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். காற்று வருகிற மாதிரியே இருக்கும், வண்டி காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

ஃபேனோட ஒரு பிளாஸ்டிக் டை தர்றாங்க. ரேடியேட்டர் பின்லயே கோத்து இறுக்கிக்கலாமா?

வேண்டாம். நம் ரோட்டின் குலுக்கலில் அந்த டை ரேடியேட்டர் குழாயை அறுத்துக்கொண்டே இருக்கும். என்றைக்காவது ஒரு நாள் அங்கேதான் ஒழுகும். பக்கச் சட்டத்தில் இரும்புப் பட்டை அடித்து, அதில் ரப்பர் வாஷருடன் மாட்டுங்கள்.

இதைவிட முக்கியம் கூண்டு, அதாவது ஷ்ரவுட். ஃபேனை வெறுமனே ரேடியேட்டரோடு ஒட்டி வைத்தால் அதன் வட்டம் படுகிற இடத்தில் மட்டும்தான் காற்று இழுக்கும். மூலைகள் சும்மா கிடக்கும். அலுமினியத் தகட்டில் ரேடியேட்டர் முழுவதையும் மூடும் ஒரு பெட்டி செய்து, அதில் ஃபேனைப் பதித்தால் எல்லாப் பின்களும் வேலை செய்யும். பிளேடுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். தகட்டில் சில ஜன்னல் வெட்டி ரப்பர் ஷீட்டை மேல்பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கவிடலாம். ஃபேன் இழுக்கும்போது அவை மூடிக்கொள்ளும், வண்டி வேகமாகப் போகும்போது காற்றே அவற்றைத் திறந்துகொண்டு போகும்.

கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய கார் ஃபேன் கிடைக்குதே, வாங்கலாமா?

வாங்கலாம். பெரிய கார்களில் வந்த ஒரிஜினல் ஃபேன், கூண்டோடு கிடைத்தால், பெயர் தெரியாத புது ஃபேனை விட நான் அதைத்தான் எடுப்பேன். கடையிலேயே பேட்டரி வைத்து ஓடவிட்டு ஆம்பியர் மீட்டரில் பாருங்கள். அச்சில் ஆட்டம் இருக்கக் கூடாது, கரகர சத்தம் கூடாது, பிளேடில் விரிசல் கூடாது. கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் சில சமயம் தட்டினால்தான் ஓடும், அப்படிப்பட்டதை வாங்காதீர்கள். மூன்று வயரோ நான்கு வயரோ உள்ள புது வகை ஃபேன் என்றால் அது கம்ப்யூட்டர் சிக்னலில் வேகம் மாறுவதாக இருக்கலாம். நேராக பேட்டரியில் கொடுத்தால் ஓடாது. அதற்குத் தனிக் கன்ட்ரோலர் வேண்டும்.

என் டைனமோ தாங்குமா?

பகலில் தாங்கும். மழை இரவில்தான் கணக்குப் போட வேண்டும். இரண்டு ஹெட்லைட், பின் விளக்குகள் 12 ஆம்பியர், வைப்பர் 5, ஹீட்டர் புளோயர் 10, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் ‘காமன் ரயில்’ இன்ஜின் என்றால் அதன் கம்ப்யூட்டரும் இன்ஜெக்டரும் 10 பக்கம், பாட்டு ஒரு 3. அதன் மேல் ஃபேன் 30. மொத்தம் 70. உங்கள் டைனமோவில் 65 என்று அடித்திருந்தால் அது நல்ல ஆர்.பி.எம்.மில் தருவது. ஐடிலில் பாதி கிடைத்தால் பெரிது. பனிமூட்டத்தில் ஃபாக் லைட்டையும் போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றால் பேட்டரிதான் ஈடு கட்டும்.

90 ஆம்பியர் டைனமோ இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் ஹெட்லைட்டை எல்.இ.டி.யாக்கிக் கரண்ட் மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். மூடுபனியில் எதிரே வருகிறவன் கண்ணைக் கூச வைக்கும் பல்புகள்தான் பெரும்பாலும் வருகின்றன, அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். டைனமோவையே மாற்றுங்கள்.

வயரிங் எப்படி? ஹாரன் வயர்லயிருந்தே எடுத்துக்கலாமா?

கூடவே கூடாது. ஃபேன் வயர் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ். ஃப்யூஸ் தள்ளிப்போகிற ஒவ்வொரு அடியும் காவல் இல்லாத வயர். பாடியில் உரசினால் தீதான். ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ஃப்யூஸ், தனி 40 ஆம்பியர் ரிலே. 15 ஆம்பியர் இழுக்கிற ஃபேனுக்கு 30 ஆம்பியர் ஃப்யூஸ், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். ஃப்யூஸ் ஏன் இரட்டிப்பு என்றால், மோட்டார் கிளம்பும் கணத்தில் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அதே காரணத்தால் இரண்டு ஃபேனும் ஒரே நொடியில் கிளம்பாதபடி மேலே சொன்ன மாதிரி சூட்டைப் பிரித்து வைப்பது நல்லது.

எர்த் வயரும் அதே பருமனில், பெயின்ட் சுரண்டின இடத்தில் அல்லது நேராக பேட்டரி நெகட்டிவில். வேலை முடிந்ததும் ஃபேனை ஓடவிட்டு பேட்டரியிலும் ஃபேன் பிளக்கிலும் வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ வயர் மெலிவு, அல்லது பிடி தளர்வு. அந்த இடம்தான் அப்புறம் உருகும். ரிலேவை மழை படாத பக்கம், வாய் கீழ்நோக்கி இருக்கிற மாதிரி மாட்டுங்கள். கூடலூர் பக்கம் ஜூலை மழையில் ஓடுகிற வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எத்தனை டிகிரியில ஃபேன் ஓடணும்? சென்சாரை எங்க வைக்கிறது?

தெர்மோஸ்டாட்டை முதலில் பாருங்கள். அதில் 82 என்று இருந்தால் அது திறக்க ஆரம்பிக்கும் சூடு. முழுதாகத் திறக்க இன்னும் பத்து டிகிரிக்கு மேல் ஆகும். ஃபேன் அந்த 82-ஐ நன்றாகத் தாண்டித்தான் ஓட ஆரம்பிக்க வேண்டும். 80 டிகிரியில் ஓடட்டும், பத்திரம் என்று வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. மாற்றியதன் பலனே போய்விடும். சென்சார் இன்ஜினிலிருந்து சூடான தண்ணீர் வெளியே வரும் பக்கத்தில் இருந்தால், முதல் ஃபேன் 92-ல் ஓடி 87-ல் நிற்கலாம், இரண்டாவது 97 பக்கம். ரேடியேட்டரின் கீழ் ஓஸ் பக்கம் வைத்தால் அங்கே தண்ணீர் ஏற்கெனவே ஆறியிருக்கும், ஆகவே எண்ணைக் குறைக்க வேண்டும்.

ரேடியேட்டர் பின்னுக்குள் சொருகுகிற சென்சார் கம்பி பல செட்டுகளில் வருகிறது. அது தண்ணீரைத் தொடுவதே இல்லை. தண்ணீரில் நனைகிற, மரை உள்ள சென்சாரைப் போடுங்கள். ஓஸுக்கு நடுவே வைக்கிற அலுமினிய இணைப்பு கிடைக்கிறது, அதில் மாட்டலாம். அதை எர்த் செய்ய மறக்காதீர்கள்; ரப்பருக்கு நடுவில் இருப்பதால் தானாக எர்த் கிடைக்காது.

ஊட்டியில குளிர்தானேண்ணா, மேல ஏற ஏற ஃபேனுக்கு வேலை குறையுமில்ல?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான். ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ளினாலும் அதன் எடை குறைவு, சூட்டைக் குறைவாகத்தான் சுமக்கும். மறுபக்கம், மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி அடித்தால் ஊட்டியில் 22 பக்கம் இருக்கும். 95 டிகிரித் தண்ணீருக்குக் கீழே 60 டிகிரி வித்தியாசம், மேலே 73. காற்று மெலிந்ததில் போனது குளிரில் திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்தால் கிட்டத்தட்ட சமம்.

அதனால் வண்டிக்கு உண்மையான சோதனை உச்சியில் இல்லை. மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோட்டில் கல்லாறு தாண்டி பர்லியாறு வரை, ஏப்ரல் மதியம், லோடோடு ஏறுகிறீர்களே, அதுதான். சூடும் சமவெளிச் சூடு, ஏற்றமும் முழு ஏற்றம்.

மேல போனா தண்ணி சீக்கிரம் கொதிக்கும்கிறாங்களே, நிஜமா?

நிஜம், கரண்ட் ஃபேன் போடுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். திறந்த பாத்திரத்தில் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 பக்கம். ரேடியேட்டர் கொதிக்காமல் இருப்பது மூடி தாங்கும் அழுத்தத்தால். 0.9 பார் மூடி நல்லபடியாக இருந்தால் ஊட்டியிலும் வெறும் தண்ணீர் 115 வரை தாங்கும். கூலன்ட் சரியான அளவில் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும்.

இப்போது மூடி ரப்பர் செத்த ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கூலன்ட் தீர்ந்து ஓடைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். முந்தின கேள்வியில் சொன்னபடி ஃபேன் 92-ல் ஓட வேண்டும். தண்ணீர் 92-ல் கொதிக்கிறது. ஃபேன் கிளம்புவதற்கும் தண்ணீர் பொங்குவதற்கும் நடுவே இடைவெளியே இல்லை. டிரைவர் சென்சாரைத் திட்டுவார், ஃபேனைத் திட்டுவார், என்னையும் திட்டுவார். மாற்ற வேண்டியது மூடி. ஆகவே கரண்ட் ஃபேன் போடும் நாளிலேயே புது மூடியும் புதுக் கூலன்ட்டும் போட்டுவிடுங்கள். கீழே போர் தண்ணீரை ஊற்றுவதையும் நிறுத்துங்கள், அதிலிருக்கும் உப்புதான் குழாயில் படிகிறது.

ஏசி இருக்கிற வண்டிக்கு?

ஏசி போட்டதும் ஒரு ஃபேனாவது ஓடியாக வேண்டும், தண்ணீர் சூடு எதுவாக இருந்தாலும். கம்ப்ரசர் கிளட்ச் வயரிலிருந்து தனி ரிலே மூலம் முதல் ஃபேனுக்குக் கொடுங்கள். ஏசி முன்னாலேயே ஒரு கரண்ட் ஃபேனோடு வந்திருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடணுமா?

என் கருத்து, வேண்டாம். வாட்டர் பம்ப் நின்றுவிட்டது, தண்ணீர் சுற்றவில்லை. ஃபேன் ரேடியேட்டரை மட்டும் ஆற்றும், பேட்டரியைத் தின்னும். காலையில் வண்டியைத் தள்ள ஆள் கூப்பிட வேண்டியிருக்கும். ஏறி வந்ததும் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். டர்போவுக்கும் அதுதான் நல்லது. ரிலே சுருளுக்கு சாவி லைனில் கரண்ட் கொடுத்தால் போதும்.

பாதி ஏத்தத்துல ஃபேன் நின்னுட்டா என்ன பண்றது?

பெல்ட் ஃபேன் நிற்பதற்குப் பெல்ட்டே அறுந்தால்தான் உண்டு. கரண்ட் ஃபேன் நிற்கப் பல வழிகள்: ஃப்யூஸ், ரிலே, பிளக், சென்சார், மோட்டார். அதனால் இரண்டு பொருள் கட்டாயம் என்று சொல்வேன். ஒன்று, டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு. அது ரிலேவின் வெளிவயரில் இருக்க வேண்டும், ஃப்யூஸுக்கு அப்புறம். ஃபேனுக்குக் கரண்ட் போகிறதா என்று அது காட்டும். இரண்டு, சென்சாரைத் தாண்டி ஃபேனை நேராக ஓடவைக்கும் ஒரு கை சுவிட்ச். மீட்டர் ஏறியும் விளக்கு எரியவில்லை என்றால் சுவிட்சைப் போடுங்கள். ஓடினால் சென்சார்தான் கோளாறு, பயணத்தைத் தொடரலாம். ஓடாவிட்டால் ஃப்யூஸ், அப்புறம் ரிலே. இரண்டும் ஒவ்வொன்று பெட்டியில் இருக்கட்டும். விளக்கு எரிந்தும் ஃபேன் ஓடவில்லை என்றால் பிளக் அல்லது மோட்டார்.

எதுவும் ஓடவில்லை என்றால் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள், பின் டயருக்குக் கல் வையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து புளோயரைப் போடுங்கள். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். மூடியை மட்டும் திறக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர் திறந்ததும் ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

எஃப்.சி.க்கு, இன்சூரன்ஸுக்குப் பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுப்பது, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்தவற்றிலிருந்து மாறும்படியான மாற்றங்களை. ரேடியேட்டர் ஃபேன் ஆர்.சி.யில் வருவதில்லை. வாரண்டியில் இருக்கும் வண்டியில் கை வைத்தால் வாரண்டி போகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸில் பயம் தீ விபத்துதான். வெட்டி ஒட்டிய வயரிங் என்று சர்வேயர் எழுதிவிட்டால் பணம் கிடைப்பது கடினம். பில் வைத்துக்கொள்ளுங்கள், வேலையைச் சுத்தமாகச் செய்யுங்கள்.

புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டிக்கு நான் செய்வதில்லை. சூட்டைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்று அதன் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. நடுவில் நாம் புகுந்தால் தேவையில்லாத எச்சரிக்கை விளக்குகள் எரிய ஆரம்பிக்கும்.

பழைய ஃபேனையும் விட்டுட்டு, கரண்ட் ஃபேன் ஒண்ணு கூட வெச்சுக்கலாமா?

கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். விஸ்கஸ் நன்றாக இருந்து, சீசன் நெரிசலில் மட்டும் மீட்டர் ஏறுகிறது என்றால், ரேடியேட்டருக்கு முன்னால் மெல்லிய ஃபேன் ஒன்றை வைத்து, 97 பக்கம் ஓடும்படி செய்யுங்கள். முன்னால் வைப்பதன் குறையை மேலே சொல்லியிருக்கிறேன், ஆனால் இங்கே அது துணைக்குத்தான். ஏற்றத்தில் பெல்ட் ஃபேன் பார்த்துக்கொள்ளும், நெரிசலில் இது. புல்லி போல்ட், கூண்டு, பெரிய டைனமோ எதுவும் தேவைப்படாது.

போட்டாச்சு. சரியா இருக்கான்னு எப்படிச் சோதிக்கிறது?

முதலில் நின்ற இடத்தில். ஐடிலில் விட்டு ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்கிறதா என்று பல தடவை பாருங்கள். ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாவற்றையும் போட்டு, ஃபேனும் ஓடும்போது பேட்டரியில் 13 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா பாருங்கள். வயர், ரிலே, பிளக் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு கூடாது.

அப்புறம் மலை. முதல் நாளே முழு லோடு வேண்டாம், பாதி லோடோடு வெயில் நேரத்தில் கல்லாற்றிலிருந்து ஏறுங்கள். ஏற்றம் முழுக்க இரண்டு ஃபேனும் நிற்காமல் ஓடினாலும் மீட்டர் ஒரே இடத்தில் நின்றால் போதும், அது பாஸ். மீட்டர் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் காற்று போதவில்லை. கூண்டில் இடைவெளி இருக்கிறதா, வோல்ட் குறைகிறதா என்று பார்த்து, அப்படியும் சரியாகவில்லை என்றால் பெரிய ஃபேன். முழு லோடு அதற்கு அப்புறம்தான். கழற்றிய பழைய ஃபேன், கப்ளிங், அதன் போல்ட்கள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வையுங்கள். ஒரு முழுக் கோடை தாண்டும் வரை காயலான் கடைக்குப் போட வேண்டாம்.